பாலோ அல்ட்டோ பிஏ-440: ரூல் போட்டும் வெளியிலிருந்து சேர்வருக்கு வரமுடியவில்லை, லொக்கிலும் ஒன்றும் இல்லை

கல்லடிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனில தலைமைக் கடை, அக்கரைப்பற்றில களஞ்சியம். விற்பனைப் பொடியன்மார் திருக்கோவில், பொத்துவில் பக்கம் கடைகடையாப் போய் போன்லயே ஓடர் போடுவாங்க. அந்த ஓடர் வந்து சேரவேண்டிய ஸ்டொக் சேர்வர் தலைமைக் கடையிலதான் இருக்கு. பழைய ரவுட்டரைக் கழட்டிப்போட்டு பாலோ அல்ட்டோ ஃபயர்வோல் (உள்ள வாற, வெளிய போற ட்ராஃபிக்கச் சோதிக்கிற பெட்டி) வச்ச நாளிலயிருந்து ஒரு ஓடரும் வரல்ல.

அமைப்பு இதுதான். சோன் (ஃபயர்வோல் இன்டர்ஃபேஸ்களைப் பிரிச்சு வைக்கிற பகுதி) பெயர்களை இங்க தமிழில எழுதுறன், பப்ளிக் ஐபியையும் மாத்தித்தான் போட்டிருக்கன்.

ஃபயர்வோல்: பிஏ-440, பான்-ஓஎஸ் 10.2
«வெளி» சோன்: ஈதர்நெட் 1/1, 203.0.113.10/29
«உள்» சோன்: ஈதர்நெட் 1/2, 192.168.10.1/24, கடைக் கொம்பியூட்டர்கள், வைஃபை
«சேர்வர்» சோன்: ஈதர்நெட் 1/3, 192.168.50.1/24, ஸ்டொக் சேர்வர் 192.168.50.20, டிசிபி 8443
«கிளை» சோன்: டனல் 1 (களஞ்சியத்துக்குப் போற விபிஎன் பாதை), அக்கரைப்பற்றுப் பக்கம் 192.168.60.0/24

நாட் ரூல் (பக்கெட்டின்ட ஐபி முகவரிய மாத்துறது): வெளி → சேர்வர், டெஸ்டினேஷன் 203.0.113.10, சேர்விஸ் டிசிபி 8443, மாறவேண்டிய முகவரி 192.168.50.20.

செக்யூரிட்டி ரூல்: வெளி → சேர்வர், டெஸ்டினேஷன் 192.168.50.20, அப்ளிகேஷன் எஸ்எஸ்எல், சேர்விஸ் «அப்ளிகேஷன் டிஃபோல்ட்», அலோ.

மொபைல் டேட்டாவில போட்டுப் பார்த்தா சுத்திக்கொண்டே இருந்து டைம் அவுட் ஆகுது. ரெண்டு ரூல்லயும் ஹிட் கவுண்ட் (ரூல் பொருந்தின தடவை) 0. ட்ராஃபிக் லொக்கில 8443 எண்டு தேடினா ஒரு வரியும் இல்ல. கடைக்குள்ள 192.168.10.25இல இருந்து 192.168.50.20க்கு நேரா போனா உடனே திறக்குது.

இன்னொண்டு. அக்கரைப்பற்று டனல் பச்சையாத்தான் காட்டுது. ஆனா இங்கயிருந்து 192.168.60.15க்கு பிங் போகல்ல. இதுவும் அதே வியாதியா?

ஓட்டமாவடி_நெட்

எல்லாத்துக்கும் மேல ஒரு எனி-எனி அலோ ரூல் போட்டு அஞ்சு நிமிசம் விட்டுப் பாருங்க. வேலை செய்தா பிழை ரூல்ல, செய்யாட்டி லைன்ல. அதுக்குப் பிறகு லைன்காரங்களோட கதைக்கலாம்.

வாவிக்கரை

எனி-எனி வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம் இருக்க, இந்த இடத்தில் அது விடையும் தராது. இங்கே நாட் ரூலே பொருந்தவில்லை. முகவரி மாறாத பக்கெட்டை எத்தனை அலோ ரூல் போட்டாலும் சேர்வருக்கு அனுப்ப முடியாது. «எல்லாம் திறந்தும் வரவில்லை, லைன்தான் பிழை» என்ற தவறான முடிவுக்குத்தான் போவீர்கள்.

கல்லடிக்காரன், உங்கள் அமைப்பில் மூன்று பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. முதலாவதைத் திருத்தினால்தான் இரண்டாவது கண்ணில் படும்.

சோன் எது என்பதை ரூல் தீர்மானிப்பதில்லை. பக்கெட் வந்து நுழைந்த இன்டர்ஃபேஸ் எந்தச் சோனில் இருக்கிறதோ அது சோர்ஸ் சோன். டெஸ்டினேஷன் முகவரிக்கு ரூட் டேபிள் எந்த இன்டர்ஃபேஸைக் காட்டுகிறதோ, அது இருக்கும் சோன் டெஸ்டினேஷன் சோன். இந்த இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் ஃபயர்வோல் ரூல் பட்டியலைத் திறக்கிறது. நீங்கள் எழுதியது அந்த முடிவோடு ஒத்துப்போனால் பொருந்தும், இல்லாவிட்டால் கீழே வழுகிப்போகும்.

பொடியனின் போனில் இருந்து வரும் முதல் பக்கெட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

அது 1/1 இல் நுழைகிறது, ஆகவே சோர்ஸ் சோன் வெளி. டெஸ்டினேஷன் 203.0.113.10. அந்த முகவரிக்கு ரூட் பார்த்தால் அதுவும் 1/1 தான், ஆகவே டெஸ்டினேஷன் சோனும் வெளி. இந்தக் கட்டத்தில்தான் நாட் பட்டியல் தேடப்படுகிறது. தேடல் வெளி → வெளி என்று நடக்கிறது, உங்கள் ரூல் வெளி → சேர்வர் என்கிறது. பொருந்தாது.

நாட் பொருந்தியிருந்தால், ஃபயர்வோல் புதிய முகவரியான 192.168.50.20க்கு இரண்டாம் தடவை ரூட் பார்க்கும். அது 1/3ஐக் காட்டும், டெஸ்டினேஷன் சோன் சேர்வர் என்று மாறும். அதற்குப் பிறகுதான் செக்யூரிட்டி பட்டியல். ஆனால் பக்கெட்டின் முகவரி அந்த நேரத்திலும் எழுதி மாற்றப்பட்டிருக்காது, அது வெளியேறும்போதுதான் நடக்கும். அதனால் செக்யூரிட்டி ரூலில் சோன் நாட்டுக்குப் பிந்தியது, முகவரி நாட்டுக்கு முந்தியது. பெரும்பாலானவர்கள் வழுக்குவது இந்த ஒரு இடத்தில்தான்.

ஆகவே,

நாட் ரூல்: வெளி → வெளி, டெஸ்டினேஷன் 203.0.113.10, டிசிபி 8443, மாறவேண்டியது 192.168.50.20.
செக்யூரிட்டி ரூல்: வெளி → சேர்வர், டெஸ்டினேஷன் 203.0.113.10.

இனி லொக் ஏன் வெறுமையாக இருக்கிறது? பட்டியலின் அடியில் இரண்டு ரூல்கள் தானாகவே இருக்கும். ஒரே சோனுக்குள் போவதை விடும் «இன்ட்ராசோன் டிஃபோல்ட்», சோன் விட்டுச் சோன் போவதை மறிக்கும் «இன்டர்சோன் டிஃபோல்ட்». இரண்டும் பெட்டியில் இருந்து வரும்போது லொக் எழுதாது. உங்கள் பக்கெட் வெளி → வெளி என்பதால் மறிக்கப்படவும் இல்லை. இன்ட்ராசோன் டிஃபோல்ட் அதை விட்டுவிட்டது, ஃபயர்வோலின் சொந்த முகவரிக்கே போய் அங்கே 8443இல் கேட்க ஆள் இல்லாமல் செத்துப்போனது.

பொலிசிஸ் > செக்யூரிட்டி திறந்து, அந்த இரண்டு ரூல்களில் ஒன்றைத் தெரிவுசெய்து, கீழே உள்ள ஓவர்ரைட் பட்டனை அழுத்துங்கள். அக்ஷன்ஸ் பகுதியில் «லொக் அட் செஷன் என்ட்» என்பதற்குச் சரி போடுங்கள். இரண்டு ரூலுக்கும் செய்து கொமிட் பண்ணுங்கள், அப்போதுதான் மாற்றம் நடைமுறைக்கு வரும். ரூலைத் திருத்த முன்னரே இதைச் செய்து, ஒரு தடவை போனில் இருந்து முயன்று பாருங்கள். லொக் வரியில் ஃப்ரம் சோன், டு சோன், ரூல் பெயர், அப்ளிகேஷன் ஆகிய நான்கு நிரல்களை இங்கே போடுங்கள்.

மூன்றாவது பிழையை நான் இப்போது சொல்லவில்லை. நாட் சரியானதும் லொக் அதைக் காட்டும், அது எப்படிக் காட்டும் என்பதை நீங்கள் ஒரு தடவை கண்ணால் காண்பது நல்லது.

போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவிலேயே சோதியுங்கள். கடை வைஃபையில் இருந்து அதே பப்ளிக் ஐபிக்குப் போவது முற்றிலும் வேறு பாதை.

கல்லடிக்காரன்

அண்ணன், சொன்ன மாதிரியே செய்தன்.

திருத்த முன்னம்: வெளி → வெளி, இன்ட்ராசோன் டிஃபோல்ட், அலோ, அப்ளிகேஷன் «இன்கம்ப்ளீட்», திரும்பி வந்த பைட் 0.

மறுகா நாட்டையும் டெஸ்டினேஷன் முகவரியையும் மாத்தி கொமிட் பண்ணினன். இப்ப: வெளி → சேர்வர், இன்டர்சோன் டிஃபோல்ட், டினை, அப்ளிகேஷன் «நொட் அப்ளிகபிள்». நாட் ரூல்ல ஹிட் கவுண்ட் ஏறுது. செக்யூரிட்டி ரூல்ல இன்னும் 0.

வாவிக்கரை

சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். சோன் இப்போது சரி. மிச்சம் இருப்பது சேர்விஸ்.

«அப்ளிகேஷன் டிஃபோல்ட்» என்றால், அந்த அப்ளிகேஷனுக்கு உரிய வழக்கமான போர்ட்டில் வந்தால் மட்டும் விடு என்று பொருள். எஸ்எஸ்எல்லுக்கு அது டிசிபி 443. உங்களுடையது 8443. முதல் பக்கெட்டிலேயே போர்ட் பொருந்தாததால் அப்ளிகேஷன் எது என்று பார்க்கும் வேலையே தொடங்கவில்லை. அதைத்தான் «நொட் அப்ளிகபிள்» என்று எழுதியிருக்கிறது.

ஒப்ஜெக்ட்ஸ் > சேர்விசஸ் இல் டிசிபி 8443 என்று ஒன்றை உருவாக்கி, செக்யூரிட்டி ரூலின் சேர்விஸ் இடத்தில் அதை வையுங்கள். எனி வைக்காதீர்கள். அப்ளிகேஷன் எஸ்எஸ்எல் அப்படியே இருக்கட்டும், டிக்ரிப்ஷன் (மறைகுறியைப் பிரித்து உள்ளே பார்ப்பது) இல்லாதவரை ஃபயர்வோலுக்கு அது எஸ்எஸ்எல் ஆகத்தான் தெரியும்.

அந்த நிரலில் வரும் மூன்று சொற்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. «நொட் அப்ளிகபிள்» என்றால் ரூல் பக்கத்தைப் பாருங்கள், போர்ட்டையோ சோனையோ ஃபயர்வோலே மறித்திருக்கிறது. «இன்கம்ப்ளீட்» என்றால் டிசிபியின் மூன்று கட்டக் கைகுலுக்கல் முடியவில்லை, அல்லது முடிந்தும் ஒரு தரவும் வரவில்லை. டு சோனும் ரூலும் சரியாக இருந்து இன்கம்ப்ளீட் வந்தால் ஃபயர்வோலை விட்டுவிட்டு சேர்வரின் கேட்வே, விண்டோஸ் ஃபயர்வோல், ரூட் என்று தேடுங்கள். «இன்சஃபிஷன்ட் டேட்டா» என்றால் கைகுலுக்கல் முடிந்து ஏதோ தரவும் வந்திருக்கிறது, ஆனால் அப்ளிகேஷனை இனங்காண அது போதவில்லை.

ரூலை மாற்ற முன்னர் சோதித்துப் பார்க்க டிவைஸ் > ட்ரபிள்ஷூட்டிங் இல் «செக்யூரிட்டி பொலிசி மேட்ச்» இருக்கிறது. ஃப்ரம் வெளி, டு சேர்வர், டெஸ்டினேஷன் 203.0.113.10, போர்ட் 8443, புரொட்டோகொல் 6 என்று கொடுங்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கொடுக்கும் சோனை அது அப்படியே நம்பும். பிழையான சோனைக் கொடுத்தால், பிழையான ரூலை «பொருந்துகிறது» என்று சொல்லும். ஆகவே சோனை லொக்கில் இருந்தோ ரூட் டேபிளில் இருந்தோ எடுத்துப் போடுங்கள், வரைபடத்தைப் பார்த்துப் போடாதீர்கள்.

கல்முனை_ஃபைபர்

தம்பி, டனல் விசயத்த நான் சொல்றன். அதுவும் சோன் பிழைதான், ஆனா ரூட்டால வந்தது.

டனல் பச்சையா இருக்கு எண்டா ரெண்டு பக்கமும் கைகொடுத்து சாவி மாத்திக்கிட்டாங்க எண்டு மட்டும்தான் கருத்து. எந்த ட்ராஃபிக் அதுக்குள்ள போகணும் எண்டத ரூட்தான் சொல்லணும். நெட்வேர்க் > வேர்ச்சுவல் ரவுட்டர்ஸ் போய், உங்கட ரவுட்டர் வரியில «மோர் ரன்டைம் ஸ்டட்ஸ்» அழுத்தி, ஃபோவார்டிங் டேபிளப் பாருங்க. 192.168.60.0/24 அங்க இல்லாட்டி டிஃபோல்ட் ரூட்தான் பொருந்தும். டிஃபோல்ட் ரூட் 1/1க்குப் போகுது. அப்ப உங்கட பிங் ஃபயர்வோலுக்கு உள் → வெளி.

லொக்கில டெஸ்டினேஷன் 192.168.60.15 எண்டு தேடிப் பாருங்க. இன்டர்நெட்டுக்குப் போற ரூல்ல லொக் போட்டிருந்தா, அது «அலோ» எண்டு பதிஞ்சிருக்கும், சோர்ஸும் 203.0.113.10 ஆ மாறியிருக்கும், வந்த பைட் 0.

ஸ்டட்டிக் ரூட் போடுங்க: டெஸ்டினேஷன் 192.168.60.0/24, இன்டர்ஃபேஸ் டனல் 1, நெக்ஸ்ட் ஹொப் நன். அதோட உள் → கிளை ஒரு ரூல். களஞ்சியத்துப் பக்கமிருந்து அவங்க தொடங்குற வேலைக்கு கிளை → சேர்வர் இன்னொரு ரூல். பதில் பக்கெட்டுக்கு எண்டு தனி ரூல் தேவல்ல, செஷன் (தொடங்கின இணைப்பப் பத்தி ஃபயர்வோல் வச்சிருக்கிற பதிவு) தானே விட்டுடும். யார் தொடங்குறாங்க எண்டத மட்டும் யோசிச்சு ரூல் எழுதுங்க.

ரூட் போட்ட பிறகும் பிங் வராட்டி பதறாதீங்க. விடாம ஓடுற பிங் பழைய செஷன்லயே தொங்கிக்கொண்டு இருக்கும். பிங்க நிப்பாட்டி, மொனிட்டர் > செஷன் ப்ரவுசர்ல அந்தச் செஷனத் தேடி அழிச்சிட்டு புதுசாத் தொடங்குங்க.

அக்கரைப்பற்றில இருக்கிற பெட்டி வேற கம்பனியா? பொலிசி வச்சு விபிஎன் போடுற சாமான் எண்டா, ஐபிசெக் டனல்ல ப்ரொக்ஸி ஐடி (எந்த நெட்வேர்க்குக்கும் எந்த நெட்வேர்க்குக்கும் இடையில எண்டு சொல்றது) ஒவ்வொரு ஜோடிக்கும் வேணும். 192.168.10.0/24க்கும் 192.168.60.0/24க்கும் ஒண்டு, 192.168.50.0/24க்கும் 192.168.60.0/24க்கும் ஒண்டு. ஒரு ஜோடி மட்டும் போட்டா கடைக்குப் போகும், சேர்வருக்குப் போகாது. அந்த அறிகுறியப் பார்த்தா ரூல் பிழை மாதிரியே இருக்கும்.

அந்தப் பக்க ரவுட்டர்லயும் திரும்பி வாற ரூட் இருக்கணும், இன்டர்நெட் நாட்ல இருந்து 192.168.10.0/24, 192.168.50.0/24 ரெண்டுக்கும் விலக்கு இருக்கணும். அங்க மாத்தம் செய்யுறதெண்டா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் களஞ்சியம் பூட்டுற நேரத்தில செய்யுங்க, ஆரும் ஓடர் அடிச்சுக்கொண்டு இருக்கமாட்டாங்க.

ஏறாவூர்_சிஸ்டம்

எங்களிடம் ஃபோர்டினெட் கம்பனியின் ஃபோர்டிகேட் ஃபயர்வோல். அதிலும் இந்த இன்ட்ராசோன் பழக்கம் இப்படித்தானா?

வாவிக்கரை

இல்லை, நேர் எதிர். ஃபோர்டிகேட்டில் சோன் உருவாக்கினால், அதே சோனில் உள்ள இன்டர்ஃபேஸ்களுக்கு இடையிலான போக்கு இயல்பாகவே மறிக்கப்பட்டிருக்கும். சோன் அமைப்பில் போய்த் திறக்கவேண்டும். ஒரு இன்டர்ஃபேஸைச் சோனில் சேர்த்தபின் அதைத் தனியாக பொலிசியில் எழுதவும் முடியாது. பப்ளிக் ஐபியை உள்ளே திருப்புவதற்கு விஐபி (வேர்ச்சுவல் ஐபி) ஒப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, பொலிசியின் டெஸ்டினேஷனில் அந்த விஐபியையே வைக்கவேண்டும். எதுவும் பொருந்தாதவை பொலிசி 0 என்று பதியும். ஒரு கம்பனியின் பழக்கத்தை மற்றதுக்குக் கொண்டுபோனால் இப்படியான சிக்கல்தான் வரும்.

கல்லடிக்காரன்

ரெண்டும் வேலை செய்யுது. சேர்விஸ் மாத்தினதும் பொத்துவில்ல இருந்து ஓடர் வந்துட்டுது. டனலுக்கு ரூட்டே இருக்கல்ல, போட்டதும் பிங் போச்சு, பழைய செஷன அழிச்சபிறகுதான். இப்ப செஷன் விபரம் இப்படித் தெரியுது:

போகும் பக்கம்: போனின் ஐபி [வெளி] → 203.0.113.10, போர்ட் 8443
திரும்பும் பக்கம்: 192.168.50.20 [சேர்வர்] → போனின் ஐபி, சோர்ஸ் போர்ட் 8443
ரூல்: ஸ்டொக் உள்வரவு, அப்ளிகேஷன்: எஸ்எஸ்எல்

ஒரு மிச்சம். பொடியன்மார் கடைக்கு வந்து வைஃபையில இணைஞ்சதும் அப் வேலை செய்யுதில்ல. வெளியில போனா திரும்ப வேலை செய்யுது.

வாவிக்கரை

அந்த இரண்டு வரிகளையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போகும் வரியில் பழைய முகவரி, திரும்பும் வரியில் புதிய முகவரியும் புதிய சோனும். நாட் சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட நேரான இடம் இல்லை.

வைஃபை விடயம்: போன் இப்போது உள் சோனில் இருந்து 203.0.113.10ஐத் தேடுகிறது. ரூட் வெளியைக் காட்டுகிறது. நாட் பட்டியலில் உள் → வெளி என்று எழுதியிருக்கும் உங்கள் இன்டர்நெட் ரூல் முதலில் பொருந்தி, சோர்ஸை 203.0.113.10 ஆக்குகிறது. டெஸ்டினேஷனும் அதே 203.0.113.10. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே முகவரியாக இருக்கும் பக்கெட்டை லேன்ட் தாக்குதல் என்று கருதி ஃபயர்வோல் வீசிவிடும். செஷன் உருவாக முன்னரே நடப்பதால் ட்ராஃபிக் லொக்கில் தேடிக் காணமாட்டீர்கள். குளோபல் கவுண்டரில் «ஃப்ளோ பொலிசி நாட் லேன்ட்» என்ற எண் ஏறும்.

இன்டர்நெட் நாட் ரூலுக்கு மேலே புதிதாக ஒன்று போடுங்கள்: உள் → வெளி, டெஸ்டினேஷன் 203.0.113.10, டிசிபி 8443, மாறவேண்டியது 192.168.50.20, சோர்ஸ் மாற்றம் இல்லை. செக்யூரிட்டியில் உள் → சேர்வர், டெஸ்டினேஷன் 203.0.113.10. ஏற்கெனவே உள்ள உங்கள் உள் → சேர்வர் ரூலில் டெஸ்டினேஷன் 192.168.50.20 மட்டும் இருந்தால் அது இதற்குப் பொருந்தாது, இரண்டு முகவரியையும் சேருங்கள். சேர்வர் உள் சோனிலேயே இருந்திருந்தால் சோர்ஸையும் மாற்றவேண்டி வந்திருக்கும், இல்லாவிட்டால் சேர்வர் ஃபயர்வோலைத் தாண்டி நேராகப் போனுக்குப் பதில் அனுப்பிவிடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்பில் ஐபிக்குப் பதிலாகப் பெயர் கொடுத்திருந்தால் நாட்டே வேண்டாம். கடைக்குள் இருக்கும் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு 192.168.50.20 என்று வையுங்கள். நான் என்றால் இதைத்தான் செய்வேன்.

கல்முனை_ஃபைபர்

இன்னும் ரெண்டு வேலை இருக்கு தம்பி, இன்றைக்கே முடிங்க.

டனல் மொனிட்டர «ஃபெயில் ஓவர்» எண்டு போட்டு டனல் விழுந்தா அந்த ஸ்டட்டிக் ரூட்டும் எடுபட்டுடும், களஞ்சியத்துக்குப் போற ட்ராஃபிக் திரும்ப டிஃபோல்ட் ரூட்டால வெளியில போகும். டனல் வந்தபிறகும் அந்தச் செஷன் வெளியிலயே ஒட்டிக்கொண்டு நிக்கும். ஐபி போன் இருந்தா இத நல்லா உணருவீங்க. இன்டர்நெட் ரூலுக்கு மேல உள் → வெளி, டெஸ்டினேஷன் 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16, டினை, லொக்கோட ஒரு ரூல் போடுங்க. லைன்காரங்கட மோடம் 192.168.1.1 மாதிரி முகவரியில இருந்து நீங்க அதத் திறக்கிறதெண்டா அதுக்கு மட்டும் மேல ஒரு விலக்கு.

மற்றது 8443 இப்ப முழு உலகத்துக்கும் திறந்து கிடக்கு. சோர்ஸ் முகவரியில ரீஜன் தெரிவு செய்யலாம், இலங்கை எண்டு போடுங்க. மொபைல் டேட்டாவில போனுக்கு நிலையான ஐபி கிடையாது, அதால ஐபி எழுதிக் கட்டுப்படுத்த ஏலாது. குளோபல் ப்ரொடெக்ட் (பாலோ அல்ட்டோவின்ட விபிஎன்) நல்ல வழி, ஆனா விண்டோஸ், மெக் கொம்பியூட்டருக்குத்தான் சாதாரண இணைப்பு லைசன்ஸ் இல்லாம வரும், போன் அப்புக்கு லைசன்ஸ் வேணும். விலையக் கேட்டுப் பார்த்து முடிவெடுங்க.

ஓட்டமாவடி_நெட்

வெளி → வெளியை இனி முழுசா மறிச்சு விடலாமா? லொக்கைத் திறந்ததும் கண்டபாட்டுக்கு ஸ்கான் வருமே.

வாவிக்கரை

மறிக்கலாம், வரிசை பார்த்து. உங்கள் டனலின் கைகொடுப்பும் வெளி → வெளி ஆகத்தான் வருகிறது. முதலில் அக்கரைப்பற்றின் பப்ளிக் ஐபியில் இருந்து ஐகேஇ, ஐபிசெக் (டனலின் சாவி மாற்றமும் டனல் ட்ராஃபிக்கும்) அப்ளிகேஷன்களுக்கு வெளி → வெளி அலோ. அதற்குக் கீழே வெளி → வெளி டினை. டினையை முதலில் போட்டுக் கொமிட் பண்ணினால் டனல் உடனே விழாமலும் இருக்கலாம். சாவி மாற்றும் நேரம் வரும்போது விழும், அப்போது காரணத்தை எங்கே தேடுவது என்று தெரியாது. குளோபல் ப்ரொடெக்ட் பிறகு போட்டால் அதற்கும் அதே இடத்தில் ஒரு அலோ வேண்டும். பொடியன்மாரின் 8443க்கு இது தடையாகாது, நாட் பொருந்தியபின் அது வெளி → சேர்வர் ஆகிவிடுகிறது.